நன்றி நிலைக்கு வராத ரொட்டி மாஸ்டர்

ஆறுதல் சொல்லத் தெரியாதவர் என்று எழுத்தில் சான்று வாங்கியவர்கள் உலகத்தில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். என்னிடம் ஒன்று இருக்கிறது. முத்திரை, கையெழுத்து எல்லாம் உண்டு. அதை எப்படிச் சம்பாதித்தேன் என்று சொல்கிறேன். கேட்டுவிட்டு என்மேல் பரிதாபப்பட வேண்டாம், அதற்கென்றே படித்தவர்கள் இருக்கிறார்கள்.

நான் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். இடது காலில் சின்ன வயதிலிருந்து இரும்புச் சட்டம். அது இல்லாமல் கால் என்னைத் தாங்காது. நடந்தால் டக், டக் என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் அக்கா பிள்ளைகள் டிவியை அணைத்துவிட்டுப் புத்தகத்தை விரித்துவிடுவார்கள். அப்போதுதான் பொது மருத்துவமனையில் மறுவாழ்வு ஆலோசகர் வேலை காலியானது. விபத்தில் கையோ காலோ போனவர்கள், பார்வை போனவர்கள் திரும்பவும் வேலைக்கும் வீட்டுக்கும் பழக உதவுகிற வேலை. எனக்கென்றே அளவெடுத்துத் தைத்த வேலை என்று நினைத்தேன். பயிற்சி நிலையத்தின் சான்றிதழ் மட்டும் வேண்டும் என்றார்கள்.

“இருக்கறத விட்டுட்டுப் பறக்கறதப் பிடிக்கப் போறியா?” என்றாள் அக்கா.

“பறக்கல்லாம் வேண்டாம்க்கா. உக்காந்து பேசுற வேலைதான்.”

“பேசுறதா? அப்பச் சரி. உனக்கு எதுக்குடி அதுக்குப் பயிற்சி?”

அக்கா பாவம். பேசுவதற்கும் பயிற்சி பெற்றுப் பேசுவதற்கும் உள்ள வித்தியாசம் அவளுக்குத் தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது.

பயிற்சி நிலையத்தின் வாசலில் சாய்தளம் ஒன்று இருந்தது. சக்கர நாற்காலி ஏறுவதற்காகக் கட்டியது. அதில் வரிசையாகப் பூந்தொட்டிகளை அடுக்கி, ‘தொட்டிகளைத் தொடாதீர்’ என்று பலகை வைத்திருந்தார்கள். நான் படியேறி உள்ளே போனேன். என் காலைப் பார்த்ததும் இயக்குநர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

“அடடா! உங்களை மாதிரி ஒருத்தர் பயிற்சிக்கு வர்றது எங்களுக்கே பெருமை. உங்க மாதிரி ஆளுங்களுக்காகத்தானே இந்த நிலையமே நடக்குது. ஒரே ஒரு சின்ன விஷயம். அந்தச் சத்தம்...”

“எந்தச் சத்தம் சார்?”

“கால் சத்தம்மா. பயனாளிகள் மனசு ரொம்ப மென்மையானது. இதக் கேட்டா அவங்க குறை அவங்களுக்கு ஞாபகம் வந்துடும் பாருங்க.”

கை போனவருக்குத் தன் கை போனது என் கால் சத்தத்தைக் கேட்டால்தான் ஞாபகம் வரும் என்று அன்றுதான் கற்றுக்கொண்டேன். முதல் பாடம். மறுநாள் அக்காவின் பழைய புடவையைக் கிழித்துச் சட்டத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டு போனேன். சான்றிதழ் வேண்டுமே!

வகுப்பறைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: ‘ஆலோசகர் ஆலோசனை கூறக் கூடாது.’ அதுதான் முதல் விதியாம். நான் கையைத் தூக்கினேன்.

“அப்ப ஆலோசகர் என்ன மேடம் செய்யணும்?”

“தலையாட்டணும்” என்றார் பயிற்றுநர் மேடம்.

விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. தலையாட்டுவதில் மூன்று வகை இருந்தது. சின்ன ஆட்டு என்றால் ‘கேட்கிறேன்’, நடு ஆட்டு என்றால் ‘புரிகிறது’, பெரிய ஆட்டு என்றால் ‘உங்கள் வலியில் நானும் பங்கெடுக்கிறேன்’. முன்பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து உட்கார வேண்டும். அதிகம் சாய்ந்தால் கடன் கேட்கிற மாதிரி இருக்கும், சாயாமல் இருந்தால் கடன் கொடுத்த மாதிரி இருக்கும். காகிதக் கைக்குட்டைப் பெட்டியைப் பயனாளியின் பக்கம் நகர்த்துவதற்கு மட்டும் தனி வகுப்பு. கண்ணீர் வருவதற்கு முன்னால் நகர்த்தினால் அவசரம், வந்த பிறகு நகர்த்தினால் அலட்சியம். மூக்கு லேசாகச் சிவக்கும்போது நகர்த்த வேண்டும். பயிற்சிக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒருவர் மூக்கை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அதன் பிறகு ஐந்து நிலைகள். உடலில் ஏதோ ஒன்றை இழந்தவர் எவராக இருந்தாலும் இந்த ஐந்தையும் வரிசையாகக் கடக்க வேண்டும்: மறுப்பு, கோபம், துக்கம், ஏற்பு, நன்றி.

“நன்றி யாருக்கு மேடம்?”

“நிலையத்துக்குத்தான்.”

“ஒருத்தர் நேரா நாலாவது நிலைல இருந்தா?”

“இருக்க முடியாதும்மா. அப்படி இருந்தா அவர் ஒண்ணாவது நிலைல இருக்கார்னு அர்த்தம். தன் துக்கத்த மறுக்கிறார்.”

அதற்கடுத்த வாரம் அனுபவ நாள். உடல் குறைபாடு எப்படி இருக்கும் என்று ஆலோசகர்கள் தாங்களே உணர வேண்டும் என்பதற்காக, சீட்டு எடுத்து ஒருவருக்குக் கண்ணைக் கட்டினார்கள், ஒருவரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தார்கள். எனக்கு வந்த சீட்டு, ‘ஒரு கால் செயலிழந்தவர்’. கண்ணைக் கட்டிய பையன் சுவரில் மோதி மேடத்தின் தோளில் சாய்ந்து விம்மினான். சக்கர நாற்காலிக்காரி பூந்தொட்டியைத் தாண்ட முடியாமல் அங்கேயே அழுதாள். நான் போய் எல்லோருக்கும் டீ வாங்கி வந்தேன்.

அவர்களுக்கு முழு மதிப்பெண். எனக்குப் பூஜ்யம்.

“அனுபவத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் உங்ககிட்ட ஒரு மாற்றமும் தெரியலையே” என்றார் மேடம்.

“மேடம், எனக்கு இது சின்ன வயசுலேருந்தே இருக்கு.”

“அதாம்மா பிரச்சினையே. ரொம்பப் பழகிட்டீங்க. அனுபவம்னா அது புதுசா இருக்கணும்.”

மறுதேர்வு வைத்தார்கள். இந்த முறை என் நல்ல காலையும் சேர்த்துக் கட்டினார்கள். எழுந்தேன், விழுந்தேன், முட்டி சிராய்த்தது. தேர்ச்சி என்று சொல்லி மேடம் கைதட்டினார். அன்று வீட்டுக்கு வந்ததும் அக்காதான் முட்டிக்கு மருந்து போட்டாள்.

இப்படி எல்லாப் பாடமும் முடிந்த பிறகுதான் பயனாளியைக் கண்ணில் காட்டினார்கள். பயனாளிகளை என்று எழுத ஆசைதான். ஆனால் நிலையத்தில் இருந்தது ஒரே ஒரு பயனாளி. உண்மையான நோயாளிகள் நேரத்துக்கு வருவதில்லை, சொன்ன நிலையில் அழுவதில்லை, சிலர் நடுவில் வேலை கிடைத்துப் போய்விடுகிறார்கள். அதனால் ஒருவரை நிரந்தரமாக வைத்துக்கொண்டிருந்தார்கள். ‘மாதிரிப் பயனாளி’ என்று பதவிப் பெயர். வந்துபோகும் செலவும் டீயும் உண்டு. எல்லோரும் அவரை ‘மாதிரி அண்ணன்’ என்றுதான் கூப்பிட்டார்கள்.

அவர் ஒரு பேக்கரியில் ரொட்டி மாஸ்டராக இருந்தவர். மாவு பிசைகிற இயந்திரத்தில் வலது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. என் முதல் அமர்வில் அவருக்கு எதிரே விறைப்பாக உட்கார்ந்தேன்.

“தங்கச்சி, சாயலையே நீங்க” என்று மெதுவாகச் சொன்னார். “மார்க்கு போயிடும்.”

சாய்ந்தேன்.

“போதும் போதும். இப்ப ‘உங்க மனசுல என்ன ஓடுது’ன்னு கேக்கணும்.”

கேட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “எனக்கு ஒண்ணும் ஆகல, கை வளர்ந்துடும்” என்று கத்தினார். சுவரெல்லாம் அதிர்ந்தது. பிறகு என் பக்கம் குனிந்து, “மறுப்பு. எப்படி இருந்துச்சு?” என்றார்.

நான் நடு ஆட்டு ஆட்டினேன். வேறென்ன செய்ய?

மேடம் டீ குடிக்கப் போன நேரத்தில் பாடத்தில் இல்லாத கேள்வி ஒன்றைக் கேட்டுவிட்டேன்.

“அண்ணே, நெஜமாவே கேக்குறேன். கை போனதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?”

அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். இத்தனை வருடத்தில் யாரும் அதைக் கேட்கவில்லை போலிருக்கிறது.

“ரேக்கு வலப்பக்கம் இருக்கு” என்றார்.

“என்னது?”

“பேக்கரிலம்மா. அடுப்புலேருந்து தட்ட எடுத்தா, அடுக்கற ரேக்கு வலப்பக்கம் இருக்கு. இடது கையால சூடான தட்ட எடுத்து, உடம்பத் தாண்டிக் கொண்டுபோகணும். சுட்டுரும். ரேக்க இடப்பக்கம் வச்சா நேரா தள்ளிடலாம். அப்புறம் மேசை ஓரத்துல ஒரு கட்டை அடிக்கணும். ஒத்தக் கையால பிசையும்போது மாவு ஓடாது. அவ்வளவுதான். வீட்டுல ஒத்தக் கையாலதான பிசையறேன்.”

“அப்ப ஏன் வேலைக்குப் போகல?”

“நிலை அஞ்சு முடிஞ்சாத்தான் வேலைக்குப் போகலாம்னாங்க. முடிச்சேன். ‘அது அந்த வகுப்போட பரீட்சைக்கான நிலை அஞ்சு, உங்களோட சொந்த நிலை இன்னும் ஆரம்பிக்கவே இல்ல’ன்னாங்க. புது வகுப்பு வந்துச்சு. திரும்ப ஒண்ணுலேருந்து. ஒவ்வொரு வகுப்புக்கும் ஏறுறேன், பரீட்சை முடிஞ்சதும் பாம்பு கடிச்சுக் கீழ வந்துடுறேன்.”

“நேரா முதலாளிகிட்டயே போய்க் கேக்கலாமேண்ணே.”

அவர் முகம் மாறியது. இது எந்த நிலையிலும் இல்லாத முகம். “அவரு ஆஸ்பத்திரிக்கே வரல. இங்க கேட்டதுக்கு, ‘உங்க முதலாளி இன்னும் தயாராகல’ன்னாங்க. கூப்பிட்டா போவேன். கூப்பிடாத வீட்டு வாசல்ல நான் போய் நிக்க மாட்டேன்.”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருடைய இடது கை முழங்காலின் மேல் எதையோ அழுத்தி, மடித்து, திருப்பிக்கொண்டிருந்தது. அது என்ன என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. மாவு பிசைந்துகொண்டிருந்தது.

அந்த வாரமே பேக்கரியைத் தேடிப் போனேன். முதலாளி கல்லாவில் உட்கார்ந்திருந்தார். நான் பயிற்சி நிலையத்தின் பெயரைச் சொன்னதும் பதறி எழுந்தார்.

“வந்துட்டாராம்மா? நிலை அஞ்சு வந்துட்டாரா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “உங்களுக்கு எப்படிங்க நிலையெல்லாம் தெரியும்?”

“தெரியாம? மொதல்ல போன் பண்ணிக் கேட்டேன். ‘கோபத்துல இருக்கார், நீங்க நேர்ல பாக்கக் கூடாது’ன்னாங்க. ஆறு மாசம் கழிச்சுக் கேட்டேன், ‘ஏத்துக்கிட்டார், நாலுல இருக்கார்’ன்னாங்க. சரி, இன்னும் ஒண்ணுதானேன்னு அடுத்த தடவ கேட்டா, ‘மறுப்பு, நிலை ஒண்ணு’ங்கறாங்க! என்னடா இது, மனுஷன் பின்னாலயே போறானேன்னு பயந்துபோயிட்டேன். எல்லாம் என்னாலதான்.” குரல் இறங்கியது. “மிஷினுக்கு மூடி போடச் சொன்னான்மா அவன். நாளைக்குப் பாக்கலாம்னேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போறது?”

நான் அவருக்கு ஆறுதல் சொல்லவில்லை. எனக்கு வரவும் இல்லை. “இப்பவாவது மூடி போட்டாச்சா?” என்று கேட்டேன்.

“அன்னைக்கே போட்டுட்டேன்.”

“அவர் வேலைக்கு வரணும்னா அந்த ரேக்க இடப்பக்கம் வைக்கணும். மேசை ஓரத்துல கட்டை அடிக்கணும்.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணும் இல்லை.”

“சான்று?”

“அவருக்கு ரொட்டி போடத் தெரியுமான்னு உங்களுக்கே தெரியாதா?”

அவர் உள்ளே பார்த்து, “டேய், இந்த ரேக்கப் பிடிங்கடா” என்று கத்திவிட்டுத் தானே போய் ஒரு முனையைத் தூக்கினார். ரேக் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்குப் போவதற்கு ஒரு டீ ஆறும் நேரம்கூட ஆகவில்லை. மேசை ஓரத்துக் கட்டையை அவரே சுத்தியல் எடுத்து அடித்தார். “நாளைக்கே வரச் சொல்லுங்கம்மா. நான் கூப்பிட்டேன்னு சொல்லுங்க.”

நாளைக்குத்தான் எனக்குப் பரீட்சை.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். “இத்தன வருஷம் பொறுத்தவரு ஒரு மத்தியானம் பொறுக்க மாட்டாரா? மொதல்ல சான்றிதழ வாங்கு. கைக்கு வந்ததும் அவருகிட்ட சொல்லு. ஊரான் வீட்டு நெருப்புல உன் வேலையக் கருக்கிக்காத.”

சரி என்றுதான் சொன்னேன். சரி என்றுதான் நினைத்தேன்.

பரீட்சைக்கு வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்திருந்தார். இரண்டு நாற்காலிகள், நடுவில் சின்ன மேசை, அதில் தண்ணீர், காகிதக் கைக்குட்டைப் பெட்டி. ஒவ்வொருவரும் ஒரு நிலை. மாதிரி அண்ணன் மறுத்தார், கோபப்பட்டார். துக்கத்தில் தேர்வாளர் உட்கார்ந்திருந்த பக்கத்துக் கண்ணில் மட்டும் நீர் விட்டார். அது அனுபவம். ஏற்பு முடிந்ததும் இயக்குநர் எழுந்து தேர்வாளரிடம் பெருமையாகச் சொன்னார்: “பாத்தீங்களா சார்? இவர ஒவ்வொரு வருஷமும் நாங்க முழுசா குணப்படுத்துறோம்.”

கடைசி நிலை எனக்கு. நன்றி. அதில் பயனாளி சொல்ல வேண்டிய வாக்கியம் அச்சடித்தே இருந்தது: ‘என் பழைய வேலையை நான் மறந்துவிட்டேன். எனக்குக் குறையொன்றும் இல்லை. நிலையத்துக்கு நன்றி.’ அதை அவர் சொல்லிவிட்டால் நான் பெரிய ஆட்டு ஆட்ட வேண்டும். அவ்வளவுதான் மருத்துவமனை வேலைக்கும் எனக்கும் நடுவில் இருந்தது.

சரியான அளவு சாய்ந்தேன். “உங்க மனசுல இப்ப என்ன ஓடுது?” என்றேன்.

அவர் தொண்டையைச் செருமினார். “என் பழைய வேலைய நான்...” என்று தொடங்கினார். அவருடைய இடது கை முழங்காலின் மேல் பிசைந்துகொண்டே இருந்தது. அழுத்தி, மடித்து, திருப்பி. வாய் மறந்துவிட்டேன் என்று சொல்லப் போகிறது, கை கேட்கவே இல்லை. என்னால் முடியவில்லை.

“அதச் சொல்லாதீங்கண்ணே” என்றேன். “ரேக்க இடப்பக்கம் வச்சாச்சு.”

“என்ன சொன்னீங்க?”

“உங்க முதலாளியே தூக்கி வச்சார். கட்டை அடிச்சாச்சு. மிஷினுக்கு மூடி அன்னைக்கே போட்டுட்டாராம். மூஞ்சியக் காட்ட வெக்கப்பட்டு வராம இருந்தவரு அவரு. உங்களக் கூப்பிடுறாரு. இன்னைக்கே.”

“கூப்பிட்டாரா?” என்றார் அண்ணன். “அவரே சொன்னாரா, கூப்பிட்டேன்னு?”

“அவரே சொன்னார்.”

மேடம் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். “சார், இது எந்த நிலைன்னு தெரியல...” மாதிரி அண்ணனின் மூக்கு சிவந்தது. இந்த முறை இரண்டு கண்ணிலும் வந்தது. நான் பெட்டியை நகர்த்த மறந்துவிட்டேன். அவர் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“உக்காருங்க!” என்றார் இயக்குநர். “நன்றி இன்னும் சொல்லல!”

“நேரமாச்சு சார். மாவு பொங்கியிருக்கும்” என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார். வாசலில் நின்று என்னைப் பார்த்துப் பெரிய ஆட்டு ஒன்று ஆட்டிவிட்டுப் போனார்.

இயக்குநருக்கு முகம் கறுத்துவிட்டது. தேர்வாளர் இருப்பதையும் மறந்து பேசினார். “என்ன காரியம்மா பண்ணிட்டீங்க? ஒரு பயனாளிய உருவாக்க எவ்வளவு கஷ்டம் தெரியுமா? நாங்க சொல்றப்ப அழுவாரு, நாங்க சொல்றப்ப நிறுத்துவாரு. அவர நம்பித்தான் இந்த நிலையமே இருக்கு. எல்லாரும் இப்படி வேலைக்குப் போயிட்டா நாங்க யாருக்கு மறுவாழ்வு குடுக்கறது?”

தேர்வாளர் அதைக் கேட்டுச் சின்ன ஆட்டு ஆட்டினார். பிறகு முடிவை எழுதினார். ‘ஆலோசனை கூறினார். பயனாளியை நாற்காலியில் இருத்தத் தவறினார். ஆறுதல் சொல்லத் தெரியாதவர். தேர்ச்சியில்லை.’ கீழே முத்திரை குத்தினார்.

நான் எழுந்தபோது இயக்குநரின் பார்வை என் காலில் விழுந்து அங்கேயே நின்றது. முகம் மெதுவாகத் தெளிந்தது.

“ஒரு நிமிஷம்மா” என்றார், குரலில் பழைய அன்பு திரும்பியிருந்தது. “இப்ப அந்த நாற்காலி காலியாத்தான இருக்கு. உங்களுக்கும் கால்... அஞ்சு நிலையும் மனப்பாடம் வேற. வந்துபோற செலவு குடுத்துடுவோம். டீ உண்டு. என்ன சொல்றீங்க?”

நான் திரும்ப உட்கார்ந்தேன். முன்பக்கமாகச் சாய்ந்தேன். நடு ஆட்டு ஒன்று ஆட்டினேன். பெட்டியை அவர் பக்கம் மெதுவாக நகர்த்தினேன்.

“உங்க வேதனை புரியுது சார். ரொம்ப நாளா கூட இருந்தவர இழந்துட்டீங்க. கோபம் வர்றது இயல்புதான்.”

“எனக்கு என்ன கோபம்? எனக்கு ஒண்ணும் கோபம் இல்ல!” என்று மேசையைத் தட்டினார்.

“அது மறுப்பு சார். நிலை ஒண்ணு. அவசரமில்ல, மெதுவா வாங்க.”

குனிந்து சட்டத்தில் சுற்றியிருந்த புடவைத் துணியை அவிழ்த்து, பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். காகிதம் போதாவிட்டால் உதவும். பிறகு நடந்தேன். டக், டக், டக். தாழ்வாரம் முழுக்கக் கேட்டது. படியில் இறங்கவில்லை. சாய்தளத்துப் பூந்தொட்டிகளை ஒவ்வொன்றாக ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, நடுவில் இறங்கிப் போனேன்.

மருத்துவமனை வேலை கிடைக்கவில்லை. கண்ணாடிக் கடைக்கே திரும்பிவிட்டேன். அக்கா ஒரு வாரம் பேசவில்லை, எட்டாம் நாள் பேக்கரிக்குப் போய் ரொட்டி வாங்கி வந்தாள். “நல்லாத்தான் போடுறாரு” என்று மட்டும் சொன்னாள்.

இப்போதெல்லாம் கடையில் கூட்டம் குறைகிற நேரம் பார்த்து யாராவது வருவார்கள். ரொட்டி மாஸ்டர் அனுப்பினார் என்பார்கள். போன வாரம் சக்கர நாற்காலியில் ஒரு தையல்காரர் வந்தார். எத்தனையோ இடத்தில் உட்கார வைத்துப் பேசியிருப்பார்கள் போல, முகத்தில் அந்தக் களைப்பு இருந்தது.

“நீங்க இதுக்குப் படிச்சவங்களா?” என்றார் சந்தேகமாக.

சுவரில் மாட்டியிருந்த என் சான்றிதழைக் காட்டினேன். ஆலோசனை கூறினார். ஆறுதல் சொல்லத் தெரியாதவர். அவர் எழுத்துக் கூட்டி முழுவதையும் படித்தார்.

“அப்பாடா” என்று நாற்காலியைக் கிட்டே உருட்டிக்கொண்டு வந்தார். “என் தையல் மிஷினக் காலால மிதிக்கிற பெடல் ஒண்ணுதாங்க பிரச்சினை.”